மைதானம் தர மறுத்த நகராட்சி: கோர்ட்டுக்கு முன்னால் ஒரு மனு பாக்கி இருக்கிறது

வாசகர் கேள்வி

"இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பி நீலகிரியில் குடியேறிய குடும்பங்கள் நாங்கள். எங்கள் காலனிப் படிப்பகத்தின் சார்பில் மாசி மாதம் இரண்டு நாள் விழா நடத்தத் திட்டமிட்டோம். காமன் கூத்து (மன்மதன் – ரதி கதையை ஆடுவது), தப்பாட்டம், பிள்ளைகளுக்குப் புத்தகக் கடை, நாலைந்து தின்பண்டக் கடைகள், அவ்வளவுதான். நகராட்சி மைதானத்தைக் கேட்டு விண்ணப்பித்தோம். பல தடவை அலைந்த பிறகு, 'போக்குவரத்து நெரிசல் மற்றும் சட்டம் ஒழுங்கைக் கருத்தில் கொண்டு தங்கள் கோரிக்கையை ஏற்க இயலவில்லை' என்று ஒரு வரியில் பதில் வந்திருக்கிறது. காவல் நிலையத்தில் கேட்டால், 'முனிசிபாலிட்டி கொடுத்தால் நாங்கள் என்ன மறுக்கவா போகிறோம்' என்கிறார்கள். நகராட்சியில் கேட்டால், 'போலீஸ் என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) எங்கே?' என்கிறார்கள். சில வாரம் முன்புதான் அதே மைதானத்தில் ஒரு வணிகப் பொருட்காட்சி நாள்கணக்கில் நடந்தது. விழாவுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. கூத்து மாசி நிலவுக்குக் கட்டுப்பட்டது, தேதியைத் தள்ளிப்போட முடியாது. மேல்முறையீடு செய்யலாமா, நேராக ஹைகோர்ட்டுக்குப் போகலாமா? கோர்ட்டுக்குப் போனால் அடுத்த வருஷம் பகை வைத்துக்கொள்வார்கள், பேசாமல் எம்.எல்.ஏ.விடம் ஒரு சிபாரிசுக் கடிதம் வாங்கு என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். என்ன செய்வது?"

— படிப்பகச் செயலாளர், நீலகிரி மாவட்டம் (ஊர்ப் பெயரைத் தவிர்க்கக் கேட்டிருக்கிறார்)

வழக்கறிஞர் பதில்

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

கடிதத்தோடு உங்கள் விண்ணப்பத்தின் நகலையும் நகராட்சியின் பதிலையும் அனுப்பியது நல்லதாகப் போயிற்று. இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விழா நடக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் இன்றைக்கு உங்கள் கையில் இருக்கும் காகிதங்களோடு ஹைகோர்ட் படியேற வேண்டாம். அதற்கு முன் நகராட்சிக்கு நீங்கள் எழுத வேண்டிய மறுபரிசீலனை மனு ஒன்று பாக்கி இருக்கிறது. அதை ஒழுங்காக எழுதினால் கோர்ட்டுக்கே போகாமல் காரியம் முடியலாம். முடியாமல் போனாலும், கோர்ட்டில் உங்களுக்காகப் பேசப்போவது அந்த மனுதான்.

நகராட்சியின் பதிலை எடுத்து, மேலே 'பார்வை' என்று போட்டிருக்கும் இடத்தைப் பாருங்கள். எந்தெந்தக் காகிதங்களைப் பார்த்து இந்த முடிவுக்கு வந்தோம் என்பதை அரசு அலுவலகங்கள் அந்த இடத்தில்தான் வரிசையாகக் குறிப்பார்கள். உங்களுக்கு வந்த கடிதத்தில் அங்கே ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அது உங்கள் விண்ணப்பம். காவல்துறை அறிக்கை என்று எதுவும் இல்லை. பொறியாளர் இடத்தைப் பார்த்துக் கொடுத்த குறிப்பும் இல்லை. எந்தச் சட்டப் பிரிவின் கீழ் மறுக்கிறோம் என்பதும் இல்லை. சட்டம் ஒழுங்கு கெடுமா, கெடாதா என்று சொல்ல வேண்டியது காவல்துறை. அவர்களைக் கேட்காமலே அதை ஒரு காரணமாக எழுதியிருக்கிறார்கள் என்று அந்தக் கடிதமே காட்டுகிறது. மொத்த விவகாரத்தில் உங்களுக்குச் சாதகமான மிகப் பெரிய விஷயம் இதுதான்.

ஏன் என்றால், ஓர் அதிகாரியின் ஆணை அதில் எழுதியிருக்கும் காரணங்களை வைத்துத்தான் நிற்க வேண்டும் அல்லது விழ வேண்டும். கோர்ட்டுக்கு வந்த பிறகு, பதில் மனுவில் புதுக் காரணங்களைச் சேர்த்து முட்டுக்கொடுக்க முடியாது. மொகிந்தர் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதி இது. 1978-ஆம் ஆண்டு சட்டத் தொகுப்பில் வெளியான தீர்ப்பு, இன்றைக்கும் ரிட் வழக்குகளில், அதாவது அரசு ஆணைகளை எதிர்த்து ஹைகோர்ட்டில் போடும் வழக்குகளில், அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. உங்கள் விஷயத்தில் ஒற்றை வரிக் காரணம், அதற்கு ஆதாரமும் இல்லை என்றால், அந்த ஆணை பலவீனமானது.

ஆனால் இதைக் கேட்டு உற்சாகப்பட்டுவிடாதீர்கள். ஆணை ரத்தானால், அதே அதிகாரி இந்த முறை நல்ல காரணங்களோடு புதிதாக ஒரு மறுப்பை எழுதலாம். அதை யாரும் தடுக்க முடியாது. உங்கள் விண்ணப்பத்தைப் படித்துப் பார்த்தால், அப்படி எழுதுவதற்கான காரணங்களை நீங்களே எடுத்துக் கொடுத்திருப்பது தெரிகிறது.

இரண்டாம் பக்கத்தில் "சனிக்கிழமை மாலை 6 மணி முதல் இரவு 12 மணி வரை காமன் கூத்து, ஒலிபெருக்கியுடன்" என்று எழுதியிருக்கிறீர்கள். கூத்து விடிய விடிய நடப்பதுதான் வழக்கம், 12 மணி என்பதே நீங்கள் குறைத்துக்கொண்டது என்று புரிகிறது. ஆனால் 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கியைத் தடை செய்கின்றன. பலர் அறியாத ஒன்று: பிறகு வந்த திருத்தத்தின்படி இந்தத் தடை ஒலிபெருக்கியோடு நிற்கவில்லை, இசைக்கருவிகளுக்கும் பொருந்தும். மைக் இல்லாமல் வெறும் தப்பு அடித்தாலும் 10 மணிக்கு மேல் அது விதிமீறல்தான். கலாசார, சமய விழாக்களுக்காக நள்ளிரவு வரை நீட்டிக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு, அதுவும் வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல் கூடாது. அந்த அதிகாரம் நகராட்சி ஆணையரிடமோ உள்ளூர் காவல் ஆய்வாளரிடமோ கிடையாது. அதனால் 12 மணி என்று நீங்கள் கேட்டதை, அவர்கள் விரும்பினாலும் கொடுத்திருக்க முடியாது.

அப்புறம், மாசிக் கடைசி என்பது மார்ச் மாதம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வு நேரம். உங்கள் ஊர்ப் பிள்ளைகளும் அதே தேர்வை எழுதுகிறார்கள். போக்குவரத்து என்ற காரணத்தை நீங்கள் உடைத்தாலும், அடுத்த கடிதத்தில் 'பொதுத் தேர்வு' என்ற காரணம் வரும், அதற்கு நீதிபதியும் தலையசைப்பார். இதை அவர்கள் சொல்வதற்கு முன் நீங்களே மனுவில் எழுதிவிடுங்கள். கூத்தை மதியம் 3 மணிக்குத் தொடங்கி இரவு 9 மணிக்கு முடிப்பது, கூம்பு ஒலிபெருக்கி வைக்காமல் மேடைக்கு இரண்டு பெட்டி ஸ்பீக்கர் மட்டும் வைப்பது, அவை குடியிருப்புப் பக்கம் திரும்பாமல் மைதானத்துக்குள்ளேயே பார்த்திருக்கும்படி நிறுத்துவது என்று எழுதலாம். பொது இடத்தின் எல்லையில் ஒலி, அந்தப் பகுதிக்கு விதித்த அளவுக்கு மேல் 10 டெசிபல் அல்லது 75 டெசிபல், இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது என்பதும் அதே விதிகளில் உண்டு. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அரசு அறிவிக்கலாம். மைதானத்திலிருந்து மிக அருகில் இருக்கும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் எவ்வளவு தூரம் என்று அளந்து எழுதுங்கள். கூத்தைச் சுருக்குவதற்குப் பெரியவர்கள் சம்மதிப்பார்களா என்பது உங்கள் வீட்டு விஷயம். அவர்களை உட்காரவைத்துப் பேசுங்கள். ஆறு மணி நேரக் கூத்து, கூத்தே இல்லாமல் போவதைவிட மேல்.

நகராட்சியும் போலீஸும் உங்களை மாற்றி மாற்றி அலையவிடுவதற்கு ஒரு காரணம், எல்லாவற்றையும் ஒரே விண்ணப்பத்தில் போட்டுக் கேட்டதுதான். இங்கே அனுமதி பல வகை. மைதானம் நகராட்சியின் சொத்து. அதை வாடகைக்குத் தருவது, முன்வைப்புத் தொகை வாங்குவது, குப்பை அள்ளுவது இவையெல்லாம் ஆணையர் கையில். ஒலிபெருக்கி அனுமதியும் பந்தோபஸ்தும் காவல்துறை. ஒலி மாசு விதிகளின்படி இந்த அதிகாரத்தை டிஎஸ்பி பதவிக்குக் கீழே உள்ளவருக்கு ஒப்படைக்க முடியாது. நிலையத்தில் வாய்வார்த்தையாகக் கேட்டுவிட்டு வந்தால் அது விண்ணப்பமே ஆகாது. ரதி, மதன் வேடத்தோடு வீதி வீதியாகப் போவது ஊர்வலம். 1861-ஆம் ஆண்டு காவல் சட்டத்தின் 30-ஆம் பிரிவுப்படி அதை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் காவல்துறைக்கு உண்டு. எந்தத் தெருவில் தொடங்கி எந்தத் தெருவில் முடியும், எத்தனை மணிக்கு என்று தனிக் கடிதம் கொடுங்கள். பந்தலுக்குத் தீயணைப்பு நிலையம், மின்சாரத்துக்கு வாரியத்தின் தற்காலிக இணைப்பு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மனு, ஒவ்வொன்றிலும் மற்றவற்றின் நகல் இணைப்பு. தபால் பிரிவில் கொடுத்து, முத்திரையும் தேதியும் போட்ட நகலை வாங்கிக்கொள்ளாமல் திரும்பாதீர்கள். கையில் வாங்க மறுத்தால் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால்.

இன்னொரு விஷயம். உங்கள் லெட்டர்பேடில் பதிவு எண் இல்லை. படிப்பகம் 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவாகவில்லை என்றால், அந்தப் பெயரில் வழக்குப் போட முடியாது. இப்போது கொடுக்கும் மனுவைப் படிப்பகத்தின் சார்பில் என்று எழுதினாலும், உங்கள் பெயரும் இன்னும் இரண்டு மூன்று நிர்வாகிகளின் பெயரும் முகவரியும் கையெழுத்தும் இருக்கட்டும். நாளைக்கு மனுதாரராக நிற்கப்போவது நீங்கள்தான்.

சரி, மறுபரிசீலனை மனுவை எப்படி எழுதுவது? வழக்கமாக இந்த மாதிரி மனுக்களில் முதல் ஒரு பக்கம் கலையின் பெருமை, சமுதாயத்தின் வரலாறு, நம் மக்கள் பட்ட கஷ்டம் என்று போகும். உங்கள் விண்ணப்பமும் அப்படித்தான் தொடங்குகிறது. 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் முதல் எழுதியிருக்கிறீர்கள். படித்தபோது மனம் கனத்தது, மறைக்கவில்லை. ஆனால் மறுப்புக் கடிதத்தில் யாரும் உங்கள் வரலாற்றை மறுக்கவில்லை. நெரிசல் என்று சொன்னார்கள், சட்டம் ஒழுங்கு என்று சொன்னார்கள். அந்த இரண்டுக்கும் பதில் வேண்டும். வரலாறு நாலு வரி போதும்.

அதிகாரியின் இடத்திலிருந்தும் கொஞ்சம் பாருங்கள். 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் ஒரு கூட்ட நெரிசலில் 41 உயிர்கள் போயின. அதற்குப் பிறகு கூட்டம் சேரும் எந்த நிகழ்ச்சிக்கும் கையெழுத்துப் போடுகிற அதிகாரி, நாளைக்கு ஏதாவது நடந்தால் என் பேனாதானே பதில் சொல்ல வேண்டும் என்று யோசிக்கத்தான் செய்வார். மறுத்துவிட்டால் யாரும் அவரைக் கேள்வி கேட்கப்போவதில்லை. அனுமதித்தால் கேட்பார்கள். கோப்பில் அவர் துணிந்து கையெழுத்துப் போடுவதற்கான பலத்தை உங்கள் மனுதான் தர வேண்டும்.

அதற்கு ஒரு வரைபடம் போடுங்கள். பெரிய இன்ஜினியர் வேலை வேண்டாம், ஏ4 தாளில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் போதும். மைதானத்துக்கு இரண்டு வாசல் என்று எழுதியிருக்கிறீர்கள். மேல் வாசல் உள்ளே வர, கீழ் வாசல் வெளியே போக என்று குறியுங்கள். மேடை கீழ் வாசலை அடைத்தபடி இருக்கக் கூடாது. கடைகள் ஒவ்வொன்றும் பத்துக்குப் பத்து அடி என்றால், வரிசைகளுக்கு நடுவில் இருபது அடியாவது விடுங்கள், ஆம்புலன்ஸ் மேடை வரை வந்து திரும்பிப் போகிற மாதிரி. அடுப்பு, கேஸ் சிலிண்டர் வைக்கும் கடைகள் பந்தலுக்கு வெளியே, தனியாக ஓரத்தில். வரைபடத்தின் கீழே, எந்த வாசலில் யார் நிற்பார்கள் என்று தொண்டர்களின் பெயரும் கைபேசி எண்ணும். ஆண்கள் மட்டும் இல்லாமல் பெண்களும் அதில் இருக்கட்டும்.

"சுமார் 2000 பேர்" என்று விண்ணப்பத்தில் போட்டிருக்கிறீர்கள். எங்கிருந்து வந்தது இந்தக் கணக்கு? விழாவைப் பெரிதாகக் காட்ட வேண்டும் என்று நினைத்து எண்ணிக்கையைக் கூட்டிப்போடுவது பலர் செய்வது. அதே எண்தான் மறுப்புக்குக் காரணமாகத் திரும்பி வரும். காலனியில் எத்தனை வீடு, அக்கம்பக்கக் காலனிகளிலிருந்து எத்தனை பேர், ஒரே நேரத்தில் மைதானத்தில் அதிகபட்சம் எத்தனை பேர் என்று கணக்குப் போட்டு உண்மையான எண்ணை எழுதுங்கள். குறைத்தும் போடாதீர்கள். சொன்னதைவிட அதிகம் பேர் வந்து ஏதாவது ஆனால் பொறுப்பு உங்கள் தலையில்தான் விழும்.

நெரிசலைப் பொறுத்தவரை உங்களுக்கு நல்ல பதில் இருக்கிறது. வருகிறவர்களில் பெரும்பாலானோர் நடந்து வருகிறவர்கள் அல்லது டவுன் பஸ்ஸில் வருகிறவர்கள். இதைத்தான் மனுவின் முதல் பத்தியாக வைக்க வேண்டும். கோவையிலிருந்தும் மைசூரு பக்கமிருந்தும் சொந்த வண்டியில் வரும் சொந்தபந்தங்களுக்கு இ-பாஸ் (ஆன்லைனில் எடுக்கும் நுழைவுச் சீட்டு) வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது நடைமுறையில் இருக்கிறது. பஸ்ஸில் வந்தால் அந்தத் தொந்தரவு இல்லை. அழைப்பிதழிலேயே 'பஸ்ஸில் வாருங்கள்' என்று அச்சடித்து, அதன் மாதிரியை மனுவோடு இணையுங்கள். இன்னொன்றும் எழுதலாம். 2025-இல் அதே நீதிமன்றம் நீலகிரிக்குள் வார நாளில் 6000, வார இறுதியில் 8000 வண்டிகள் என்று வரம்பு வைத்தது ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கான சீசனுக்கு. குன்னூர் வழியாக ஏறி கோத்தகிரி வழியாக இறங்கும் ஒருவழிப் பாதை ஏற்பாடெல்லாம் அந்த நெரிசலுக்காக. உங்கள் விழா நடப்பது மாசியில், மலர்க் கண்காட்சிக்கு இரண்டு மாதம் முன்னால். சீசன் கூட்டத்தை மனதில் வைத்து மாசிக் கூத்தை மறுப்பது சரியில்லை என்று அடக்கமாக எழுதுங்கள்.

பிளாஸ்டிக் விஷயத்தையும் விடாதீர்கள். நம் மாவட்டத்தில் தடை கடுமையானது, தெரியும். தண்ணீருக்குக் கேன், எவர்சில்வர் டம்ளர், தின்பண்டத்துக்கு மந்தார இலை என்று ஒரு வரி. திங்கட்கிழமை காலை மைதானத்தைக் கூட்டிச் சுத்தம் செய்து ஒப்படைப்போம், செய்யாவிட்டால் முன்வைப்புத் தொகையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று இன்னொரு வரி. கடைசியில், "நகராட்சியும் காவல்துறையும் விதிக்கும் நியாயமான நிபந்தனைகளை ஏற்று நடக்கத் தயாராக இருக்கிறோம். இரண்டு நாள் இயலாது எனில் கூத்து நடக்கும் சனிக்கிழமைக்கு மட்டுமாவது அனுமதி வழங்குமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்று முடியுங்கள். இந்த இரண்டு வாக்கியங்களின் மதிப்பு கோர்ட்டில் தெரியும். நீதிபதி கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, என்ன நிபந்தனைக்கு உங்கள் கட்சிக்காரர் ஒத்துக்கொள்வார் என்பது. அதற்கான பதில் ஏற்கெனவே எழுத்தில் இருக்கும்.

பொருட்காட்சிக்குக் கொடுத்தார்களே என்ற உங்கள் ஆதங்கம் நியாயமானது. அரசியலமைப்பின் 14-ஆம் கூறு சமமாக நடத்தச் சொல்கிறது. அதே மைதானம், நாள்கணக்கில் கூட்டம், அப்போது வராத நெரிசல் இரண்டு நாள் கூத்துக்கு எப்படி வரும் என்று கேட்கலாம், கேட்க வேண்டும். ஆனால் அதை வாதத்தின் தலையில் வைக்காதீர்கள், கடைசிப் பகுதியில் வையுங்கள். அவர்களுக்கு எந்த நிபந்தனையில் கொடுத்தார்கள், எவ்வளவு வாடகை, எத்தனை மணி வரை என்பது உங்களுக்குத் தெரியாது. தெரியாமல் பேசினால் ஒரே வரியில் வாயை அடைத்துவிடுவார்கள். தெரிந்துகொள்ள தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்பு ஒட்டி, நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு இன்றைக்கே போட்டுவிடுங்கள். உங்கள் விண்ணப்பம் தொடர்பான கோப்பின் குறிப்புப் பக்கங்கள், காவல்துறையிடமிருந்து அறிக்கை பெறப்பட்டிருந்தால் அதன் நகல், கடந்த ஓராண்டில் அந்த மைதானத்தில் அனுமதி பெற்ற நிகழ்ச்சிகளின் பட்டியலும் அனுமதிக் கடிதங்களும். இந்த மூன்று மட்டும் கேளுங்கள், 'ஏன் மறுத்தீர்கள்' என்று கேட்காதீர்கள், காரணம் கேட்டால் பதில் வராது. அவர்களுக்கு 30 நாள் அவகாசம் உண்டு, அதற்காகக் காத்திருக்கவும் கூடாது. வந்தால் லாபம். கேட்டிருக்கிறார்கள் என்பதே சில நேரம் கோப்பை நகர்த்தும்.

மேல்முறையீடு எங்கே என்று கேட்டீர்கள். சட்டப்படியான மேல்முறையீடு எந்தப் பிரிவின் கீழ் மறுத்தார்கள் என்பதைப் பொறுத்தது. உங்களுக்கு வந்த கடிதத்தில் பிரிவே இல்லை. அதனால் மனுவிலேயே, "தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் இம்மறுப்பு வழங்கப்பட்டது, மேல்முறையீடு யாரிடம் என்பதைத் தெரிவிக்குமாறு" ஒரு வரி கேட்டுவிடுங்கள். 2023 ஏப்ரலில் அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு 1920-ஆம் ஆண்டின் பழைய நகராட்சிச் சட்டத்தைக் காட்டிப் பதில் வந்தால், அதுவும் உங்களுக்குச் சாதகமான குறையே. மறுபரிசீலனை மனு ஆணையருக்கு. நகல்கள் நகர்மன்றத் தலைவருக்கும், சென்னையில் நகராட்சி நிர்வாக இயக்குநருக்கும், மாவட்ட ஆட்சியருக்கும், டிஎஸ்பிக்கும். ஊட்டியில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் நேரில் ஒரு பிரதி கொடுங்கள். அங்கே மனுவுக்கு எண் போடுவார்கள், சம்பந்தப்பட்ட அலுவலகம் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். எல்லா நகலிலும் விழாத் தேதி முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கட்டும், ஏழு நாளுக்குள் முடிவு தெரிவிக்கும்படியும் கேளுங்கள்.

எம்.எல்.ஏ. கடிதம் வேண்டாம் என்பது என் கருத்து. நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் சிபாரிசின் பேரில் கிடைத்த அனுமதியை இன்னொரு சிபாரிசு பறித்துவிடும், விழாவுக்கு முந்தின நாள் பறித்தால் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. கட்சிச் சாயம் விழுந்துவிட்டால் 'சட்டம் ஒழுங்கு' என்ற வார்த்தைக்கு உண்மையிலேயே அர்த்தம் வந்துவிடும். உங்கள் வார்டு கவுன்சிலர் விழாக்குழுவோடு வந்து ஆணையரை நேரில் பார்த்துப் பேசினால் அது வேறு. அது அவர் வேலை.

பகை பற்றிய பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வருஷா வருஷம் அதே அலுவலகத்தில்தான் நிற்க வேண்டும். அதனால்தான் மனுவில் எந்த அதிகாரியின் பெயரும் வேண்டாம், யார் என்ன சொன்னார் என்ற சண்டையும் வேண்டாம், பதவியை மட்டும் குறிப்பிடுங்கள். வாட்ஸப் குழுவில் மறுப்புக் கடிதத்தைப் போட்டுத் திட்டுகிறவர்கள் இருந்தால் இந்த ஐந்து வாரம் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ரிட் மனு என்பது அலுவலகத்துக்குப் புதிதில்லை. அவர்களுக்கென்று அரசு வக்கீல் இருக்கிறார், கோப்பு அவரிடம் போகும், வரும். சொல்லப்போனால், கோர்ட் உத்தரவு இருந்தால் கையெழுத்துப் போட ஆணையருக்கும் தைரியம் வரும்.

ஏழு நாளில் பதில் வரவில்லை என்றாலோ, மறுபடியும் ஒற்றை வரி மறுப்பு வந்தாலோ, அன்றைக்கே வக்கீலைப் பாருங்கள். நீலகிரி சென்னை முதன்மை அமர்வின் எல்லைக்குள் வருகிறது. பழனி மலையில் இருப்பவர்கள் என்றால் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும். மறுப்பு ஆணையை ரத்து செய்து, அனுமதி வழங்க உத்தரவிடும்படி 226-ஆம் கூறின் கீழ் மனு. செர்ஷியோரரிஃபைட் மாண்டமஸ் என்பார்கள். 'மேல்முறையீட்டு வழி இருக்கிறதே' என்று எதிர்த்தரப்பு சொன்னால், அடிப்படை உரிமை பாதிக்கப்பட்டாலோ இயற்கை நீதி மீறப்பட்டாலோ (உங்கள் தரப்பைக் கேட்காமலே முடிவெடுப்பது போல) நேராக ரிட் வரலாம் என்று உச்ச நீதிமன்றம் 1998-இல் வேர்ல்பூல் வழக்கில் சொல்லியிருக்கிறது. அமைதியாகக் கூடும் உரிமை 19-ஆம் கூறில் இருக்கிறது. பொது இடத்தில் கூடுவதை அரசு ஒழுங்குபடுத்தலாம், அதிகாரியின் இஷ்டத்துக்கு மறுக்கும் அதிகாரமாக அது ஆகக் கூடாது என்பது 1972-இல் ஹிமத்லால் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. ஆனால் அந்த உரிமை கூத்துக்கும் கூடுவதற்கும் பொருந்தும் அளவுக்கு, நகராட்சி நிலத்தில் கடை போட்டு விற்பதற்குப் பொருந்தாது. கடைகளால் கூத்துக்கு ஆபத்து வரும் என்றால், முதலில் கடைகளை விடுங்கள்.

கோர்ட்டில் வழக்கமாகக் கிடைப்பது என்ன என்றும் தெரிந்துகொள்ளுங்கள். 'மனுதாரரின் மனுவை இத்தனை வாரத்துக்குள் சட்டப்படி பரிசீலித்து முடிவெடுக்க வேண்டும்' என்ற உத்தரவுதான் பெரும்பாலும். நாலு வாரம் என்று எழுதிவிட்டால் உங்கள் பௌர்ணமி போய்விடும், அதற்கு மேல் வழக்கும் பயனற்றுப் போகும். அதனால் வேண்டுகோளிலேயே விழாத் தேதியைக் குறிப்பிட்டு, அதற்கு ஒரு வாரம் முன்பாக முடிவு வேண்டும் என்று கேட்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று நாள் இருக்கும்போது லஞ்ச் மோஷனில், அதாவது அன்றைக்கே விசாரிக்கக் கேட்கும் அவசர மனுவோடு, ஓடுவது கடைசி வழி. 'இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள்' என்று கேட்டால் பதில் இருக்காது, அரசு வக்கீலும் விவரம் கேட்க அவகாசம் கேட்பார். விழாவுக்கு இரண்டு வாரமாவது மீதி இருக்கும்போது மனு தாக்கலாகிவிட வேண்டும்.

செலவுக்குப் பயப்படாதீர்கள். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண் என்ற முறையில் வருமானம் பார்க்காமல் உங்களுக்கு இலவச வக்கீல் கேட்கும் உரிமை உண்டு. ஊட்டியில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் மனு கொடுங்கள், சென்னையில் உயர் நீதிமன்றக் குழுவுக்கு அவர்கள் அனுப்பிவைப்பார்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். அதற்கும் சில நாள் பிடிக்கும் என்பதால் மறுபரிசீலனை மனு கொடுக்கும் வாரத்திலேயே இதையும் செய்துவிடுங்கள்.

எது நடந்தாலும் அனுமதியில்லாமல் மைதானத்தில் இறங்கிவிடாதீர்கள். இளவட்டங்கள் சொல்வார்கள், 'ஆடிவிட்டுப் பார்ப்போம்' என்று. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 223-ஆம் பிரிவில் (அரசு அலுவலரின் உத்தரவை மீறியது) வழக்குப் பதிவானால், கல்லூரி முடித்து வேலைக்குப் போகப்போகும் பையன்கள் பெயர் எப்ஐஆரில் இருக்கும். அடுத்த வருஷ விண்ணப்பத்தை மறுக்கவும் அதுவே போதும். மைதானம் கிடைக்கவே இல்லை என்றால், எஸ்டேட் நிர்வாகத்திடம் எழுத்தில் சம்மதம் வாங்கி அவர்கள் திடலில் நடத்தலாம். ஒலிபெருக்கி அனுமதி அங்கேயும் வேண்டும். இரவில் யானை நடமாட்டம் உள்ள பாதை என்றால், ஆட்டம் முடிந்து மக்கள் வீடு திரும்ப வண்டி ஏற்பாடும் நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

பந்தல்காரரிடம் கொடுத்த முன்பணத்தைத் திரும்பக் கேட்க வேண்டாம், ரசீது மட்டும் வாங்கி வையுங்கள். விழாவுக்கு நீங்கள் உண்மையாகத் தயாரான தேதிக்கு அது சாட்சி. மனு எழுதியதும் ஆணையருக்குப் போகும் முன் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். ந.க. எண் (நகராட்சிக் கடிதத்தில் இருக்கும் கோப்பு எண்), தேதிகள், இணைப்புகள் சரியாக இருக்கிறதா என்று பார்த்து மறுநாளே திருப்பி அனுப்புகிறேன்.